கோலாலம்பூரில் ஓகேயூ வாக்காளர்: பெயர் பார்ப்பதிலிருந்து பெட்டியில் போடுவது வரை

மலேசியாவில் 18 வயதான குடிமக்கள் இப்போது வாக்காளராகத் தனியே பதிந்துகொள்ள வேண்டியதில்லை. 2019-இல் அரசமைப்புச் சட்டம் திருத்தப்பட்டது. 2021 டிசம்பர் 15 முதல் வாக்களிக்கும் வயது 21-இலிருந்து 18-ஆகக் குறைந்தது, பதிவும் தானாக நடக்கத் தொடங்கியது. 2018 பொதுத் தேர்தலில் ஒன்றரைக் கோடிக்குச் சற்றுக் குறைவாக இருந்த பட்டியல், 2022 நவம்பர் 19 தேர்தலுக்குள் 2 கோடியே 11 லட்சத்தைத் தாண்டிவிட்டது. புதிதாகச் சேர்ந்தவர்கள் எல்லாரும் இளைஞர்கள் அல்லர். எந்தக் கவுண்டருக்கும் போய்ப் பதியாமல், யாரும் கூட்டிக்கொண்டு போகாமல், நாற்பது ஐம்பது வயது வரை வீட்டிலேயே இருந்துவிட்ட ஓகேயூ, அதாவது மாற்றுத்திறனாளி, அண்ணன் அக்காமாரும் அதில் இருக்கிறார்கள். பட்டியலில் தங்கள் பெயர் ஏறியிருப்பதே அவர்களில் பலருக்குத் தெரியாது.

இந்தக் கட்டுரை அவர்களுக்கும், அவர்களை வாக்களிப்பு மையத்துக்கு அழைத்துப் போகிறவர்களுக்கும். தேர்தல் நாளன்று பள்ளிக்கூட வாசலில் நின்று வாதாடிச் சாதிக்கக்கூடியது கொஞ்சம்தான். முகவரி, சாலுரான் (வாக்களிக்கும் அறை), துணைக்கு வரும் ஆள் ஆகிய மூன்றையும் முன்கூட்டியே முடித்து வைத்தவர் அரை மணி நேரத்தில் விரலில் மையோடு வெளியே வருவார். முடிக்காதவர் வெயிலில் நிற்பார், அல்லது ஓட்டுப் போடாமலே திரும்புவார்.

அவகாசம் இருக்கிறது. இப்போதைய மக்களவை முதன்முதலில் கூடியது 2022 டிசம்பர் 19. அதன் ஆயுள் ஐந்து ஆண்டு. இடையில் கலைக்கப்படாவிட்டால் 2027 டிசம்பரில் தானாகவே கலையும், அதிலிருந்து 60 நாளுக்குள் தேர்தல் நடக்க வேண்டும். முன்கூட்டியே கலைக்கப்பட்டாலும் அதே 60 நாள் கணக்குத்தான். முகவரி மாற்றமெல்லாம் அந்த 60 நாளுக்குள் செய்கிற வேலை அல்ல.

யாருக்கு உரிமை

நீல மைகார்டு (அடையாள அட்டை) வைத்திருக்கும், 18 வயது நிறைந்த குடிமக்களுக்கு. சிவப்பு அட்டை வைத்திருக்கும் நிரந்தரவாசிகளுக்கு இல்லை. பிறப்புப் பத்திரச் சிக்கலில் மாட்டி இன்னும் அடையாள அட்டையே கிடைக்காதவர்கள் முதலில் அதைத் தீர்க்க வேண்டும். நம் சமூகத்தில் அப்படிப்பட்டவர்கள் உண்டு என்பதால் சொல்லி வைக்கிறேன். அது தனியாக எழுத வேண்டிய விஷயம்.

உடலிலோ மனத்திலோ குறை இருப்பதால் ஓட்டுரிமை போய்விடுமா? இந்தக் கேள்வியைப் பெற்றோர்தான் அதிகம் கேட்கிறார்கள். அரசமைப்புச் சட்டத்தின் 119-ஆவது பிரிவு, மனநிலை சரியில்லாதவர் என்று தடுத்து வைக்கப்பட்டிருப்பவரையும் சிறைத் தண்டனை அனுபவிப்பவரையும் வாக்காளராக ஏற்பதில்லை. வீட்டில் இருந்துகொண்டு மாதாமாதம் மனநல மருத்துவரைப் பார்த்து மருந்து வாங்கி வருகிறவர் இதற்குள் வரமாட்டார். டவுன் சிண்ட்ரோம், ஆட்டிசம், கற்றல் குறைபாடு உள்ள பிள்ளைகளும் வரமாட்டார்கள். 'அவனுக்கு என்ன தெரியும், அவனுக்கு எதுக்கு ஓட்டு' என்று பெரியப்பா சொன்னால் அது பெரியப்பாவின் அபிப்பிராயம். சட்டம் அப்படிச் சொல்லவில்லை.

ஐ.நா.வின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் ஒப்பந்தத்தை மலேசியா 2010 ஜூலை 19-இல் ஏற்றுக்கொண்டது. இரண்டு மூன்று இடங்களில் விலக்கு வைத்துக்கொண்டாலும், அரசியல் பங்கேற்பு பற்றிய 29-ஆவது விதிக்கு விலக்கு கேட்கவில்லை. ரகசியமாக வாக்களிக்கும் உரிமை, தேவைப்பட்டால் தனக்குப் பிடித்த ஒருவரின் உதவியோடு வாக்களிக்கும் உரிமை இரண்டும் அந்த விதியில் இருக்கின்றன. ஆனால் உள்நாட்டில் 2008-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டம், அதாவது 685-ஆம் சட்டம், மீறினால் தண்டனை என்று எதையும் வைக்கவில்லை. பல்லில்லாத சட்டம் என்று ஓகேயூ அமைப்புகள் பல காலமாகச் சொல்லி வருகின்றன. அதனால்தான் இந்தக் கட்டுரையில் சட்டத்தைவிட முன்னேற்பாட்டைப் பற்றி அதிகம் பேசுகிறேன்.

முதல் வேலை: முகவரி

கைப்பேசியில் தேர்தல் ஆணையத்தின் மைஎஸ்பிஆர் செமாக் பக்கத்தைத் திறந்து அடையாள அட்டை எண்ணைப் போடுங்கள். பெயர், நாடாளுமன்றத் தொகுதி, உள்ளூர் வட்டாரம் எல்லாம் வரும். தேர்தல் தேதி நெருங்கியதும் எந்தப் பள்ளி, எந்த சாலுரான், பட்டியலில் எத்தனையாவது எண் என்பதும் அதிலேயே தெரியும்.

பலர் இங்கேதான் அதிர்ச்சி அடைகிறார்கள். இருப்பது செந்தூலில் ஒரு பிளாட். ஓட்டு இருப்பதோ பேராக்கில் தாத்தா வேலை பார்த்த தோட்டத்துப் பக்கம், அல்லது கெடாவில். காரணம் எளிது. தானியங்கிப் பதிவு அடையாள அட்டையில் உள்ள முகவரியை வைத்து நடக்கிறது. பன்னிரண்டு வயதில் எடுத்த அட்டையைப் புதுப்பித்தபோதும் வீட்டுப் பெரியவர்கள் பழைய முகவரியையே எழுதியிருப்பார்கள். நடமாட்டத்துக்குச் சிரமம் இல்லாதவர் பஸ் ஏறி ஊருக்குப் போய் ஓட்டுப் போட்டுவிட்டு வந்துவிடலாம். சக்கர நாற்காலியில் இருப்பவருக்கு அந்தப் பயணமே ஓட்டைத் தடுத்துவிடும்.

முகவரி மாற்றம் இரண்டு படி. முதலில் தேசியப் பதிவுத்துறையான ஜேபிஎன்-இல் மைகார்டு முகவரியை மாற்ற வேண்டும். அதோடு வேலை முடிந்தது என்று நினைத்துவிடக் கூடாது, இரண்டாவது படியைத்தான் எல்லாரும் தவறவிடுகிறார்கள். ஜேபிஎன்-இல் மாற்றியதால் ஓட்டு தானாக நகராது. அப்புறம் தேர்தல் ஆணையத்திடம், மைஎஸ்பிஆர் டஃப்தார் வழியாகவோ ஆணையத்தின் அலுவலகத்திலோ, வாக்களிக்கும் தொகுதியை மாற்றக் கேட்டுத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். சில வாரம் கழித்து மைஎஸ்பிஆர் செமாக்கில் திரும்பவும் பார்த்து, மாறியிருந்தால்தான் நம்புங்கள்.

படுக்கையில் இருப்பவர், வீட்டைவிட்டு வர முடியாதவர் என்றால் ஜேபிஎன்-இல் மெக்கார் என்ற திட்டம் இருக்கிறதா, எப்போது வருவார்கள் என்று கேளுங்கள். அதிகாரிகளே வீடு தேடி வந்து கைரேகையும் படமும் எடுத்துப் போகும் சேவை அது. விரல் ரேகை பதியாதவர்கள், கை இல்லாதவர்கள் இதை முதல் பேச்சிலேயே சொல்லிவிடுவது நல்லது.

இல்லங்களில் தங்கியிருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. இல்லத்தின் முகவரிக்கு மாறுவதா, பெற்றோர் வீட்டு முகவரியிலேயே இருப்பதா என்பதை, தேர்தல் நாளன்று உங்களை யார் வெளியே அழைத்துப் போவார்கள் என்பதை வைத்து முடிவு செய்யுங்கள். அழைத்துப் போக ஆள் இருக்கும் இடத்தில்தான் ஓட்டு இருக்க வேண்டும்.

ஓகேயூ கார்டு

ஓட்டுப் போட ஓகேயூ கார்டு கட்டாயம் இல்லை. மைகார்டு போதும். ஆனால் வெளியில் பார்த்தால் தெரியாத குறை உள்ளவர்களுக்கு, குறிப்பாகக் காது கேளாதவர், குறைப்பார்வை உள்ளவர், மனநலச் சிகிச்சையில் இருப்பவர் ஆகியோருக்கு, வாசலில் விளக்கம் சொல்லும் நேரத்தை அந்த அட்டை மிச்சப்படுத்தும். இன்னும் எடுக்கவில்லையா? சமூக நலத்துறையான ஜேகேஎம்-இல் விண்ணப்பிக்கலாம். மருத்துவ அதிகாரியின் உறுதிப்பாடு வேண்டும். செவி, பார்வை, உடல், பேச்சு, கற்றல், மனநலம், பலவகைக் குறை என்று ஏழு பிரிவுகள். ஓட்டுக்காக மட்டும் இல்லை, ரயில் பஸ் கட்டணச் சலுகைக்கும் அது வேண்டும்தானே.

துணைக்கு யார்?

இந்தப் பகுதியைக் கொஞ்சம் விரிவாகவே எழுத வேண்டும். ஓகேயூ வாக்காளரின் ஓட்டு களவு போவது பெரும்பாலும் இங்கேதான், அதுவும் அன்பாலேயே.

தேர்தல் நடத்துவதற்கான 1981-ஆம் ஆண்டு விதிமுறைகளில், பார்வையின்மை அல்லது வேறு உடல் காரணத்தால் தானே குறியிட முடியாத வாக்காளருக்கு இன்னொருவர் உதவ இடம் உண்டு. வாக்காளர் கேட்க வேண்டும், வாக்குச்சாவடித் தலைவர் அனுமதிக்க வேண்டும். நீங்கள் அழைத்து வந்தவர் உங்கள் சார்பில் குறியிடலாம். யாரும் கூட வராவிட்டால் தலைவரே குறியிட்டுத் தருவார். உதவிக்கு வருகிறவர் ஒரு படிவம் நிரப்பிக் கையெழுத்திட வேண்டியிருக்கும், அதனால் அவரும் தம் மைகார்டைக் கொண்டுவர வேண்டும். 21 வயது தாண்டிய ஒருவரைத் தேர்ந்தெடுத்தால் வயதுக் கேள்வியே எழாது. தம்பிக்கு இப்போதுதான் பத்தொன்பது, அவன் போதும் என்று கிளம்பாதீர்கள்.

சரி, யாரைத் தேர்ந்தெடுப்பது? அம்மா, அண்ணன், மாமா என்றுதான் எல்லார் மனத்திலும் முதலில் வரும். பல வீடுகளில் அது நன்றாகவே நடக்கிறது. சில வீடுகளில், 'நம்ம வீட்டு ஓட்டு அஞ்சு' என்று எண்ணி வைத்திருப்பார்கள். ஐந்தாவது ஓட்டுக்கு உரியவரை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். பார்வை இல்லாத ஒருவருக்கு, அண்ணன் எந்தக் கட்டத்தில் கோடு போட்டார் என்பது தெரியவே தெரியாது. அந்த அறையில் அதைச் சரிபார்க்கவும் வழி இல்லை. ஆகவே உறவைவிட நம்பிக்கையைப் பாருங்கள். உங்களோடு அரசியலில் ஒத்துப்போகாவிட்டாலும், நீங்கள் சொன்னதை அப்படியே செய்து வெளியே வாய் திறக்காத ஒருவர் போதும். கல்லூரித் தோழியாக இருக்கலாம், பக்கத்து வீட்டு அக்காவாக இருக்கலாம். கட்சிக் கிளையில் பொறுப்பில் இருப்பவரையும், வேட்பாளருக்காக அன்று வேலை செய்பவரையும் தவிர்த்துவிடுங்கள். நல்லவராகவே இருந்தாலும் வேண்டாம்.

உதவிக்கு வருகிறவர்களுக்குச் சில சொற்கள். முதல் நாள் இரவே, வேட்பாளர்கள் யார், சீட்டில் எந்த வரிசையில் வருகிறார்கள், சின்னம் என்ன என்பதை வாசித்துக் காட்டுங்கள். அறைக்குள் போனதும் மேலிருந்து கீழே எல்லாப் பெயரையும் மெல்லிய குரலில் வாசியுங்கள், உங்களுக்குப் பிடித்த பெயரில் குரல் ஏற வேண்டாம். அவர் எண்ணைச் சொன்னாலும் போதும், விரலால் உங்கள் உள்ளங்கையில் எழுதிக் காட்டினாலும் போதும். பேனாவை அவரே பிடிக்க முடியுமென்றால் அவர் கையை அந்தக் கட்டத்துக்குக் கொண்டுபோய் வைத்துவிட்டு விலகிக்கொள்ளுங்கள். மடித்த சீட்டைப் பெட்டியில் போடுவது அவராக இருக்கட்டும். அவர் யாருக்குப் போட்டார் என்று வீட்டில் கேட்பார்கள். 'அவங்களையே கேளுங்க' என்று சொல்லிவிடுங்கள்.

வாக்குச்சாவடித் தலைவரிடம் மலாயில் பேசத் தயக்கம் இருந்தால் இதை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்: 'சாயா பெமிலிஹ் ஓகேயூ. சாயா மாவு ஓராங் இனி பந்து சாயா.' நான் ஓகேயூ வாக்காளர், இவர் எனக்கு உதவ வேண்டும் என்று அர்த்தம். துணைக்கு வருகிறவர் சொல்வதைவிட வாக்காளரே சொல்வது நல்லது. பேச முடியாதவர் இதை ஒரு தாளில் எழுதிக் கையில் வைத்துக்கொள்ளலாம்.

விதியில் இருப்பது பார்வை, உடல் காரணங்கள்தான். கற்றல் குறைபாடு உள்ளவருக்கு உதவ வேண்டும் என்று கேட்டால் சாவடித் தலைவர் தயங்கக்கூடும். அவர்களுக்கு வீட்டிலேயே பயிற்சி தருவதுதான் என் யோசனை. வெள்ளைத் தாளில் நான்கு கட்டம் போட்டு, பெயரும் சின்னமும் எழுதி, ஒன்றில் மட்டும் பெருக்கல் குறி போடச் சொல்லுங்கள். மடித்து ஒரு டப்பாவில் போடச் சொல்லுங்கள். நான்கைந்து நாள் செய்தால் பழகிவிடும். உண்மையான கட்சிச் சின்னங்களை வைத்துப் பழக்கும்போது எப்போதும் ஒரே சின்னத்தைக் காட்டிப் பழக்காதீர்கள், அது பயிற்சி ஆகாது, பிரசாரம் ஆகிவிடும்.

சாலுரானும் பள்ளிக்கூடமும்

ஒரு வாக்களிப்பு மையத்துக்குள் பல சாலுரான்கள் இருக்கும். ஒவ்வொன்றும் ஒரு வகுப்பறை, ஒரு வாக்காளர் பட்டியல், ஒரு பெட்டி. பொதுவாக வயதை வைத்துத்தான் பிரிப்பார்கள். மூத்தவர்கள் சாலுரான் ஒன்று, இளையவர்கள் கடைசி எண். எழுபது வயதுப் பாட்டிக்கு வாசலுக்குப் பக்கத்து அறை கிடைத்துவிடும். இருபத்திரண்டு வயதில் சக்கர நாற்காலியில் இருக்கும் பேரனுக்கு மைதானத்தைக் கடந்து கடைசிக் கட்டடம். குறை இருக்கிறது என்பதை வைத்து இந்தப் பிரிப்பு நடப்பதில்லை. உங்கள் பெயர் இருக்கும் சாலுரானில் மட்டுமே நீங்கள் வாக்களிக்க முடியும் என்பதால், அன்று போய் வேறு அறைக்கு மாற்றச் சொல்வது எளிதில் நடக்காது.

ஆகவே பள்ளியின் பெயர் தெரிந்தவுடன் ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். வாசலிலிருந்து அந்தக் கட்டடம் வரை தரை எப்படி? கால்வாய் மேல் இரும்புக் கம்பி மூடி இருந்தால் சக்கரம் மாட்டுமா? படிக்குப் பக்கத்தில் சாய்தளம் இருக்கிறதா? பொதுக் கட்டடங்களில் ஓகேயூ நுழைவு வசதி வேண்டும் என்று கட்டடத் துணைவிதிகளில் 34ஏ என்ற விதி இருக்கிறது. ஆனால் நகரத்துப் பள்ளிகளில் பல அந்த விதி வருவதற்கு முன்பே கட்டியவை. பாதி படிக்கு மட்டும் சாய்தளம் போட்ட அழகையும் பார்க்கலாம்.

தடை இருந்தால் படம் எடுத்து, அடையாள அட்டை எண், மையம், சாலுரான் எண்ணோடு தேர்தல் ஆணையத்தின் கோலாலம்பூர் அலுவலகத்துக்கு எழுதுங்கள். 'படி இருக்கிறது, சாய்தளம் இல்லை, நான் சக்கர நாற்காலியில் வருவேன்' என்ற மூன்று வரி போதும். பலகை போட்டுத் தருவது, அறையைத் தரைத்தளத்துக்கு இறக்குவது எல்லாம் முன்கூட்டி நடக்கக்கூடியவை. அன்று காலையில் நடக்கக்கூடியவை அல்ல.

போக்குவரத்து

எல்ஆர்டி நிலையங்களில் மின்தூக்கி உண்டு, ரேபிட் கேஎல் பஸ்களில் தாழ்தள வண்டிகள் உண்டு. பள்ளியோ குடியிருப்புக்குள் எங்கோ இருக்கும். கடைசி அரை கிலோமீட்டர்தான் பிரச்சினை. கார் வைத்திருக்கும் உறவினரை முதல் வாரமே பேசி வைத்துக்கொள்ளுங்கள். வேட்பாளர் தரப்பு வாடகைக்கு வண்டி பிடித்து வாக்காளரை ஏற்றிக்கொண்டு போவது 1954-ஆம் ஆண்டின் தேர்தல் குற்றச் சட்டத்தில் குற்றம். 'கட்சியில வேன் அனுப்புறாங்க' என்று யாராவது சொன்னால் வேண்டாம் என்பதே நல்லது.

வேலை நாளில் தேர்தல் வந்தால் கவலை வேண்டாம். 2018-இல் புதன்கிழமையன்று நடந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். வாக்களிக்கப் போக நியாயமான நேரம் தர வேண்டும், அதற்காகச் சம்பளம் பிடிக்கக் கூடாது என்று அதே சட்டம் முதலாளிகளுக்குச் சொல்கிறது.

அன்று, அறைக்குள்

2022-இல் வாக்களிப்பு காலை 8 முதல் மாலை 6 வரை நடந்தது. காலையில் முதியவர்கள் கூட்டம் அதிகம், மதியத்துக்கு மேல் கோலாலம்பூரில் மழை எப்போது வரும் என்று சொல்ல முடியாது. ஒன்பதரை பத்து வாக்கில் போவது எனக்குச் சரியாகப் படுகிறது. கட்சிச் சின்னம் போட்ட சட்டை, தொப்பி வேண்டாம். மைகார்டு, ஓகேயூ கார்டு, தண்ணீர், தேவையான மருந்து, ஒரு பேனா, ஒரு தாள் போதும்.

தாள் எதற்கு? அறைக்குள் கைப்பேசியைப் பயன்படுத்த விடமாட்டார்கள். காது கேளாதவர்கள் வழக்கமாகக் கைப்பேசியில் எழுதித்தான் பேசுகிறார்கள், பார்வைக் குறை உள்ளவர்கள் எழுத்தை வாசிக்கும் செயலியை நம்பியிருக்கிறார்கள். இரண்டும் அங்கே கைகொடுக்காது. காது கேளாதவர் பேனாவும் தாளும் வைத்துக்கொள்ளட்டும். குறைப்பார்வை உள்ளவர் தம் உருப்பெருக்கிக் கண்ணாடியைக் கொண்டுபோகட்டும்.

வரிசையில் நிற்க வேண்டாம். ஓகேயூ, முதியவர், கர்ப்பிணிகளுக்கு முன்னுரிமை தருவார்கள். வாசலில் இருக்கும் பணியாளரிடம் அட்டையைக் காட்டிக் கேளுங்கள். கூச்சப்பட்டுக் கடைசியில் நிற்பவர்களை நிறையப் பார்க்கிறோம், அதில் பெருமை ஒன்றும் இல்லை.

உள்ளே மூன்று பணியாளர்கள். முதலாமவர் அட்டையைப் பார்த்து உங்கள் பெயரையும் எண்ணையும் உரக்கச் சொல்வார், கட்சி முகவர்கள் தங்கள் பட்டியலில் அடித்துக்கொள்வார்கள். காது கேளாதவர் அவர் முகத்தைப் பார்த்தபடி நிற்க வேண்டும். கூப்பிட்டும் பதில் இல்லை என்ற குழப்பம் அங்கேதான் வரும், 'சாயா பெக்காக்' (எனக்குக் காது கேளாது) என்று எழுதிய தாளைக் காட்டினால் தீர்ந்தது. இரண்டாமவர் இடது கை ஆள்காட்டி விரலில் மை தடவுவார். 2013 தேர்தலிலிருந்து வந்த பழக்கம் இது. அந்த விரல் இல்லாதவருக்கு வேறு விரலில் தடவுவார்கள். மை காயும் முன் நாற்காலிச் சக்கரத்தையோ சீட்டையோ தொடாதீர்கள். மூன்றாமவர் வாக்குச்சீட்டு தருவார். கூட்டரசுப் பிரதேசத்துக்குச் சட்டமன்றம் கிடையாது என்பதால் கோலாலம்பூர் வாக்காளருக்கு எப்போதும் ஒரே சீட்டுத்தான். பினாங்கில் இருந்து மாறி வந்தவர்கள், நாடாளுமன்றத்துக்கும் சட்டமன்றத்துக்கும் சேர்த்து இரண்டு சீட்டு வாங்கிய பழைய நினைப்பில் இரண்டாவதைத் தேட வேண்டாம்.

மறைவிடம் என்பது பள்ளி மேசை மேல் வைத்த அட்டைத் தடுப்பு. சக்கர நாற்காலியில் இருப்பவருக்கு அது உயரமாக இருக்கலாம். தாழ்ந்த மேசை கேளுங்கள், இல்லையென்றால் மடியில் வைத்து எழுதக் கெட்டியான அட்டை ஒன்று கேளுங்கள். யாரும் எட்டிப் பார்க்காத மூலையில் வைத்துக் குறியிடலாம்.

கை நடுங்குகிறவர்கள் பயப்பட வேண்டாம். பெருக்கல் குறி கோணலாக இருப்பதால் சீட்டு செல்லாமல் போவதில்லை. ஒரே கட்டத்துக்குள் இருக்க வேண்டும், யாருக்கு என்பது தெளிவாக இருக்க வேண்டும். பெயர், கையெழுத்து, பெருவிரல் அடையாளம் என்று உங்களைக் காட்டிக்கொடுக்கும் எதுவும் சீட்டில் விழக் கூடாது. தவறிப்போய் வேறு கட்டத்தில் கோடு விழுந்துவிட்டால் பெட்டியில் போட்டுவிடாதீர்கள். சாவடித் தலைவரிடம் கொடுத்து, கெட்டுவிட்டது என்று சொல்லி வேறு சீட்டு கேளுங்கள்.

வீட்டைவிட்டு வரவே முடியாதவருக்கு

இங்கே நல்ல செய்தி சொல்ல முடியவில்லை. அஞ்சல் வாக்கு என்பது தேர்தல் பணியாளர், ஊடகத்தினர், வெளிநாட்டில் இருப்பவர், அன்று பணியில் இருக்கும் குறிப்பிட்ட துறையினர் ஆகியோருக்காக வகுத்தது. முன்கூட்டி வாக்களிப்பது ராணுவத்தினருக்கும் போலீசாருக்கும் உரியது. படுக்கையில் இருப்பவர், குறை காரணமாக வெளியே வர முடியாதவர் என்று ஒரு வகை 2022 தேர்தலில் இல்லை. வெளிநாட்டில் படிக்கும் மாணவருக்கு வீடு தேடிப் போகும் சீட்டு, கெப்போங்கில் படுத்திருக்கும் மனிதருக்குப் போகாதது எனக்கு நியாயமாகப் படவில்லை. உங்கள் நாடாளுமன்ற உறுப்பினரிடம் எழுத்தில் கேட்க வேண்டிய முதல் விஷயம் இதுவே.

ஓட்டுக்கு அப்பால்

கோலாலம்பூர்க்காரர்களுக்கு ஒரு விசேஷக் குறை உண்டு. சட்டமன்ற உறுப்பினர் இல்லை, நகராட்சித் தேர்தலும் இல்லை. ஊராட்சித் தேர்தல்கள் 1960-களிலேயே நிறுத்தப்பட்டவை. பினாங்கு அரசு அதைத் திரும்பக் கொண்டுவர எடுத்த முயற்சி 2014-இல் கூட்டரசு நீதிமன்றத்தில் நின்றுபோனது. கோலாலம்பூர் மேயர் நியமனம், மற்ற ஊர்களில் கவுன்சிலர்களும் நியமனம். பெட்டாலிங் ஜெயாவில் சக்கர நாற்காலியில் இருந்த ஆண்டனி தனசாயன் கவுன்சிலராக இருந்தார் என்றால் அதுவும் நியமனத்தால்தான். ஆக நடைபாதைச் சாய்தளம், டிபிகேஎல் (கோலாலம்பூர் மாநகராட்சி) பிளாட்டில் பழுதான லிஃப்ட் வரை, தேர்ந்தெடுத்தவர் என்று நீங்கள் கேட்கக்கூடியவர் ஒரே ஒருவர், உங்கள் நாடாளுமன்ற உறுப்பினர். நகரத்தில் 11 பேர் இருக்கிறார்கள்.

மேலவையில் ஓகேயூ பிரதிநிதியாகச் செனட்டர்களை நியமிப்பது வழக்கத்துக்கு வந்திருக்கிறது. பத்மாவதி கிருஷ்ணன், ராஸ் அடிபா ராட்ஸி, ஐசயா ஜேக்கப் ஆகியோர் அப்படி அமர்ந்தவர்கள். தொகுதி சார்ந்த புகாரை விட, அஞ்சல் வாக்கு போன்ற கொள்கை விஷயங்களை எழுத, அப்போது பதவியில் இருக்கும் ஓகேயூ செனட்டர் சரியான முகவரி. தனியாக எழுதத் தயக்கமென்றால் 1951-இல் தொடங்கப்பட்டு, பிரிக்ஃபீல்ட்ஸில் இயங்கும் மலேசியப் பார்வையற்றோர் சங்கம், காது கேளாதோர் கூட்டமைப்பு போன்றவற்றின் வழியாக எழுதலாம். தேர்தல் நாளில் உங்களை நடத்திய விதம் சரியில்லை என்றால், தேர்தல் ஆணையத்துக்கு எழுதி, ஒரு பிரதியை மனித உரிமை ஆணையமான சுஹாகாமுக்கும் அனுப்புங்கள். தேதி, நேரம், மையம், சாலுரான், யார் என்ன சொன்னார் என்பதை அன்றிரவே எழுதி வையுங்கள், இரண்டு வாரம் கழித்து ஞாபகம் மங்கிவிடும்.

வேட்பாளராக நிற்கவும் தடை இல்லை, 18 வயது போதும். ஆனால் நாடாளுமன்றத்துக்கு வைப்புத்தொகை மட்டும் 10,000 ரிங்கிட். அதைவிட எளிதான இடம் கட்சிக் கூட்டங்களும் செராமா எனும் அரசியல் பேச்சுக் கூட்டமும். காது கேளாதவர்கள் செராமா ஏற்பாட்டாளரிடம் மலேசிய சைகை மொழி பெயர்ப்பாளர் வருவாரா என்று முன்பே கேட்டு எழுதுங்கள். பத்துப் பேர் கேட்டால்தான் ஒருவரைக் கூப்பிடுவார்கள். நாடாளுமன்ற உறுப்பினரின் சேவை மையம் பெரும்பாலும் கடைவீட்டின் முதல் மாடியில் இருக்கும், லிஃப்ட் இருக்காது. கீழே இருந்து தொலைபேசியில் கூப்பிட்டு, அதிகாரியைக் கீழே வரச் சொல்லுங்கள். பக்கத்து மாமாக் கடையில் உட்கார்ந்து மனுவை வாங்கிக்கொள்ளச் சொல்லி, பெற்றுக்கொண்டதற்குத் தேதியோடு முத்திரை போட்ட பிரதி ஒன்றையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.